கடலில்லாத ஊரில் செய்த டீசல் டேங்க்

பீன்யாவிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் பயணம் செய்ய வேண்டும். பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் ரோட்டை ஒட்டி 1970-களில் உருவான தொழிற்பேட்டை அது. ஜாலஹள்ளி கிராஸில் இறங்கி உள்ளே நடந்தால் ஒரு தெருவில் லேத், அடுத்த தெருவில் ஷீட் மெட்டல், அதைத் தாண்டினால் பிளேட்டிங், பவுடர் கோட்டிங், ஷாட் பிளாஸ்டிங். தகடு வெட்டுகிறவர் ஒருவர், வளைக்கிறவர் இன்னொருவர், ஒட்டுகிறவர் வேறொருவர். ஒரு பொருள் ஐந்தாறு கைமாறி அந்தத் தெருக்களுக்குள்ளேயே முழுசாகிவிடும். அந்தக் கைகளில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவை என்று எனக்குத் தோன்றும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, சேலம் என்று ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு மாவட்டம் இருக்கும்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துவிட்டு பீன்யாவுக்கு வந்தேன். எங்கள் பட்டறையில் மருந்துக் கம்பெனிகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தொட்டிகள் செய்வோம். அங்கே ஒரு விசைப்படகுக்கு டீசல் டேங்க் செய்து அனுப்பியது 2018 மீன்பிடித் தடைக்காலத்தில். என் தொழிலில் எனக்கு மனநிறைவு தந்த வேலைகளில் அதற்குத்தான் முதலிடம்.

படகு என் தாய்மாமாவுடையது. மரப்படகு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கீச்சாங்குப்பம் பக்கம் தூக்கி எறியப்பட்டு, பலகை மாற்றி, ஃபைபர் போர்த்தி, மறுபடி கடலுக்குப் போனது. பழைய லேலண்ட் எஞ்சின். எஞ்சின் அறையில், டெக்குக்குக் கீழே ஏறக்குறைய 500 லிட்டர் பிடிக்கும் இரும்பு டேங்க். படகு கட்டும்போதே உள்ளே வைத்து, அதன்மேல் டெக் பலகை அடித்திருந்தார்கள்.

அந்த மார்ச் மாதம் மாமா போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாப்ள, எஞ்சின் ரூம்ல எறங்குனா டீசல் வாடை மூஞ்சில அடிக்குது. கீழ தேங்குற தண்ணியில எண்ணெ மினுக்குது. எம்-சீல் வச்சேன், நின்னுச்சு. இப்ப அதுக்குப் பக்கத்துல கசியுது."

எம்-சீல் வைப்பதும், அதற்கு முன் குளிக்கிற சோப்பை அழுத்தித் தேய்ப்பதும் கரையில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். சோப்பு டீசலில் கரையாது. ஊசித்துளைக்குள் போய் அடைத்துக்கொண்டு, நடுக்கடலிலிருந்து வீடு வந்து சேரும்வரை தாங்கும். அவசரத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் ஒரு துளையை அடைத்தபின் பக்கத்திலேயே இன்னொன்று வருகிறது என்றால், தகடு அந்தப் பகுதி முழுக்கவே இளைத்துவிட்டது என்று பொருள்.

விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் போகும். ஒரு வாரம் கடலில் தங்குகிற படகுக்கு அது முப்பது லிட்டர். காசு நஷ்டம் ஒருபக்கம். ஒழுகிய டீசல் எஞ்சினுக்கு அடியில் தேங்கி, பம்ப் போட்டு வெளியேற்றும்போது, நாம் மீன் பிடிக்கிற கடலிலேயே போய்ச் சேருகிறது. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் எண்ணெய் தேங்கி நிற்பது உயிருக்கும் ஆபத்து. ஆள்கள் அந்த அறைக்கு மேலேதான் படுத்துத் தூங்குகிறார்கள்.

வங்கக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று வந்த தடை, கரையில் மராமத்துக் காலமாகவும் ஆகிவிட்டது. படகை இழுத்து மேலே ஏற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், வலை கோப்பார்கள். தடை தொடங்கியதும் நான் லீவு போட்டு ஊருக்குப் போனேன். மாமா அதற்குள் ஒரு வெல்டரிடம் பேசிவைத்திருந்தார். டீசலை இறைத்துவிட்டு, டேங்க் இருக்கிற இடத்திலேயே அடியில் ஒரு தகடு வைத்து ஒட்டிவிடலாம் என்பது ஏற்பாடு.

அதை மட்டும் செய்யவே கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. திரவ டீசல் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் டேங்கின் சுவரில் ஒட்டியிருக்கிற மிச்சம், வெல்டிங் சூடு பட்டதும் ஆவியாகும். உள்ளே காற்றும் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் ஆவியும் காற்றும் சேர்ந்து நிற்கும்போது ஒரு பொறி போதும். லாரி டேங்க் ஒட்டப் போய் வெல்டர்கள் செத்த செய்தியைப் பேப்பரில் படிக்காதவர்கள் யார்? எங்கள் பட்டறையில் எண்ணெய் பட்ட எதுவும் வெல்டிங் மேசைக்கு வருமுன் கழுவி, நீராவி காட்டி, உள்ளே தண்ணீரோ மந்த வாயுவோ நிரப்பின பிறகுதான் ஆர்க் பிடிப்போம். குனிந்து மட்டுமே நிற்க முடிகிற எஞ்சின் அறையில் அதற்கெல்லாம் வழியில்லை.

ஆகவே பழைய டேங்கை வெளியே எடுப்பதென்று முடிவானது. சோப்புப் பவுடர் கலந்த வெந்நீரால் பலமுறை அலசி, ஊதுவிசிறி வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, ரம்பத்தால், தண்ணீர் விட்டுக்கொண்டே கையால் அறுத்தார்கள். கிரைண்டரைத் தொடவில்லை. இரண்டு துண்டாக அது எஞ்சின் அறை வாசல் வழியே வெளியே வந்தபோது அடித்தகட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

தகட்டின் நடுப்பகுதி நன்றாகவே இருந்தது. சுத்தியலால் தட்டினால் கணீரென்றது. ஆனால் குறுக்கே இரண்டு பட்டைகள், மரக்கட்டையின் அகலத்துக்கே, காகிதமாக இளைத்துப் போயிருந்தன. டேங்க் உட்கார்ந்திருந்த கட்டைகளின் அச்சு அது. ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. உப்புத் தண்ணீரில் ஊறிய மரம் ஆண்டுக்கணக்கில் இரும்பை ஒட்டிக்கொண்டு ஈரம் காயவே விடாமல் வைத்திருந்திருக்கிறது. காற்று படுகிற இடம் நன்றாக இருக்கிறது, காற்றே படாத இடம் ஓட்டையாகியிருக்கிறது.

உள்பக்கம் வேறு கதை. டீசல் தண்ணீரைவிட லேசு. இரவில் டேங்கின் காலிப் பகுதியில் காற்று குளிர்ந்து வியர்க்கிறது, அந்தத் தண்ணீர் கீழே இறங்கி அடியில் தங்குகிறது. டீசலும் தண்ணீரும் சந்திக்கிற கோட்டில் ஒருவகைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். அவை டீசலையே தின்று அமிலத்தை வெளிவிடும். அறுத்த டேங்கின் ஒரு மூலையில் விரலை விட்டு எடுத்தேன். வடித்த காபிக் கசடு போல ஒரு கருப்புக் கூழ் விரலில் வந்தது. மாமா வருஷம் முழுக்க ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்ததற்கும் நடுவழியில் எஞ்சின் ஏர் பிடித்து நின்றதற்கும் அதுதான் காரணம். டேங்குக்குள் கை விட ஒரு வழி இருந்திருந்தால் அந்தக் கசட்டை எப்போதோ துடைத்து எடுத்திருக்கலாம். வழியே வைக்காமல் நாலுபக்கமும் ஒட்டி மூடியிருந்தார்கள்.

அந்த இரண்டு தகட்டுத் துண்டுகளும் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: பார்க்க முடியாத இடத்தில், காய முடியாத இடத்தில்தான் டேங்க் சாகிறது. புதிது செய்வதென்றால் அந்த இரண்டையும் மாற்ற வேண்டும். அதே பெட்டியை அதே கட்டையில் வைத்தால் அதே நோய்தான் மறுபடி வரும்.

வாசலின் அளவு, எஞ்சின் அறைச் சுவரின் சாய்வு எல்லாவற்றுக்கும் பிளைவுட்டில் அச்சு வெட்டிக்கொண்டு பீன்யா திரும்பினேன். எங்கள் ஃபோர்மேன் கன்னடக்காரர். ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் எங்கள் பட்டறைக்கு வந்தவர். எங்களோடு பழகியே தமிழ் பேசக் கற்றவர். அவரிடம் அச்சைக் காட்டி, 316 எல் ரக எஸ்.எஸ். தகட்டில் செய்துவிடலாம் என்று சொன்னேன். மாமாவின் ஆசையும் அதுவே. "எஸ்.எஸ்.ல போட்டுட்டா ஆயுசுக்கும் திரும்பிப் பாக்க வேணாம்னு சொல்றாங்க மாப்ள" என்றிருந்தார்.

ஃபோர்மேன் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திரும்பிப் பாக்க வேணாம்னு நெனக்கிற டேங்க்தானேப்பா இப்படி ஆச்சு? இது ரிப்பேர் வந்தா அங்க யார் பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன்மேல் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் காற்று பட்டால் படலம் தானே மூடிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் தேங்கி, காற்று போகாத இடுக்கில் அது மூடிக்கொள்ளாது. அங்கே உப்பிலுள்ள குளோரைடு தகட்டைக் குத்தித் துளைக்கும். சாதாரண 304 ரகத்தைவிட 316 ரகம் தாங்கும், அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் இடுக்கும் ஈரமும் தொடர்ந்தால் அதுவும் தப்பாது. இரும்பு பரவலாக அரிக்கும், செதில் செதிலாகக் காட்டிக்கொடுக்கும். எஸ்.எஸ். வெளியே பளபளவென்று இருந்துகொண்டே ஓரிடத்தில் மட்டும் ஊசித்துளை விடும். அதை ஒட்ட ஆர்கான் வெல்டிங்கும் அதற்கான கையும் வேண்டும். இரும்பென்றால் எங்கள் ஊர் அக்கரைப்பேட்டை துறைமுகத்தைச் சுற்றி எத்தனையோ பேர் ஒட்டித் தருவார்கள்.

அலுமினியமும் பேச்சில் வந்தது. 5083 ரகம் கடலுக்கு நல்லது, லேசானது. ஈர மரத்தில் உட்கார்ந்தால் அதுவும் அரிக்கும், ஒட்டுவதும் எளிதல்ல. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு கூடவே கூடாது. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து பிசினாகி ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். கடைசியில் எஸ்.எஸ். பட்டறையான எங்களிடமிருந்து 4 எம்.எம். சாதா இரும்புத் தகட்டில் டேங்க் போவதென்று தீர்மானமானது. முதலில் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. யோசிக்க யோசிக்க அவர் கேட்ட கேள்வியின் நியாயம் புரிந்தது. பொருள் எங்கே செய்யப்படுகிறது என்பதைவிட எங்கே பழுதாகும், யார் கையில் பழுதாகும் என்று பார்த்துச் செய்வதுதான் மேலான வேலை.

வாசல் சிறியது. ஆகவே ஒரு பெரிய டேங்குக்குப் பதில் 250 லிட்டரில் இரண்டு. ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 52 உயரம். அடியும் இரண்டு பக்கச் சுவரும் ஒரே தகடு. பிரஸ் பிரேக்கில் வளைத்தது. அடியின் நீள விளிம்புகளில் வெல்டிங்கே கிடையாது. அரை டேங்க் டீசல் என்றாலே நூறு கிலோவுக்கு மேல். படகு ஆடும்போது அது சுவரில் மோதாமலிருக்க நடுவில் துளையிட்ட ஒரு குறுக்குத் தகடு. அதன் கீழ் மூலைகளை வெட்டிவிட்டோம், தண்ணீரும் கசடும் அந்த வழியாகத் தாழ்ந்த மூலைக்கு நகர்ந்து வர வேண்டும். டேங்கையே அந்த மூலைக்குச் சற்றுச் சாய்வாக உட்கார வைக்கத் திட்டம்.

அடியில் ஒரு துளைகூட வைக்கவில்லை. எல்லாக் குழாயும் மேல்தகட்டில்தான். எஞ்சினுக்குப் போகிற குழாய் அடியைத் தொடாமல் 3 சென்டிமீட்டர் மேலே நிற்கும். கசடு உறிஞ்சுவதற்கென்று வேறொரு குழாய், தாழ்ந்த மூலையின் அடிவரை. அதில் கைபம்பைப் பொருத்தி இழுத்தால் முதலில் தண்ணீர் வரும், பிறகு டீசல் வரும். எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வருகிற குழாய்க்கு மூன்றுவழி வால்வு போட்டோம். எந்த டேங்கிலிருந்து எடுக்கிறதோ அதிலேயே திரும்பி விழ வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒரு டேங்க் காலியாகும்போது மற்றது நிறைந்து வழியும். குறுக்குத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைவாசல், போல்ட் போட்ட மூடி, டீசலில் உப்பாத நைட்ரைல் ரப்பர் கேஸ்கெட். தோள்வரை கையை விட்டு நாலு மூலையையும் துடைக்கிற அளவு.

வெல்டிங் முடிந்ததும் சோதனை. வெளியில் எல்லா ஒட்டிலும் சுண்ணாம்புக் கரைசல் பூசிக் காயவிட்டோம். உள்ளே ஒட்டின் மேலெல்லாம் மண்ணெண்ணெய் தடவினோம். தண்ணீர் நுழையாத இடத்திலும் மண்ணெண்ணெய் நுழையும். வெள்ளைப் பூச்சில் ஈரம் தெரிந்தால் அங்கே துளை. டியூப்லைட்டைக் கிட்டே பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். மூன்று தகடும் சந்திக்கிற ஒரு மூலையில் கடுகளவு கறை தோன்றி, மெல்ல மெல்ல மிளகளவாயிற்று. கண்ணுக்கு அந்த ஒட்டு குறையே இல்லாமல் இருந்தது. கழுவிக் காயவைத்து, அந்த இடத்தைக் குடைந்தெடுத்து மறுபடி ஒட்டினோம். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி மண்ணெண்ணெய். இம்முறை வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

அடுத்தது அழுத்தச் சோதனை. புதிதாக வந்த பையன் கம்ப்ரசர் ஹோஸை எடுத்து வந்தான். ஃபோர்மேன் அவனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அடித்தகட்டின் பரப்பு 80-க்கு 60, அதாவது 4,800 சதுர சென்டிமீட்டர். கம்ப்ரசரின் 7 கிலோ அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறினால் அந்த ஒரு தகட்டின்மேல் 33 டன். சப்பைச் சுவர் உள்ள எந்தப் பெட்டியும் அதைத் தாங்காது. அடைத்த காற்று வெடிகுண்டுக்குச் சமம். நாங்கள் டேங்க் நிறையத் தண்ணீர் விட்டு, மேல்குழாயில் 2 மீட்டர் உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஹோஸை நிமிர்த்திக் கட்டி, அதிலும் தண்ணீர் நிரப்பினோம். 2 மீட்டர் தண்ணீர் என்றால் 0.2 கிலோ அழுத்தம், தகட்டின்மேல் ஏறத்தாழ ஒரு டன். படகில் அந்த டேங்க் சந்திக்கப் போவதைவிட அதிகம். ஹோஸில் மார்க்கர் கோடு போட்டு இரவு விட்டுவிட்டுப் போனோம். காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

உள்பக்கம் பெயிண்ட் அடிக்கவில்லை. பெயிண்ட் உரிந்தால் அதுவே குப்பை. டீசலின் படலமும் ஒழுங்காகத் தண்ணீர் இறைப்பதும் இரும்பைக் காக்கும். வெளிப்பக்கம் பக்கத்துத் தெருவில் ஷாட் பிளாஸ்ட் செய்து, மறுபடி துரு பிடிக்குமுன் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் எபாக்ஸி பெயிண்ட். பவுடர் கோட்டிங் அழகாக இருக்கும்தான். ஆனால் ஓரிடத்தில் சிராய்த்தால் அடியில் ஈரம் ஏறும், ஊரில் யாரும் திருத்த முடியாது. எபாக்ஸியை மாமாவே பிரஷ்ஷால் தொட்டுவிடலாம்.

கலாசிப்பாளையம் லாரி ஆபீஸில் புக் செய்து அனுப்பினோம். ஒவ்வொன்றும் 80 கிலோவுக்கு மேல். நாலு பேர் தூக்கி வாசல் வழியே இறக்கினார்கள். மரக்கட்டைகளை எடுத்துவிட்டு, ஆங்கிளில் சட்டம் அடித்து, டேங்குக்கு அடியில் கை நுழைகிற இடைவெளி விட்டோம். தண்ணீர் தேங்காமல் ஓடும், காற்று புகும், டார்ச் அடித்துப் பார்க்கலாம். தொடுகிற இடங்களில் ஈரம் உறிஞ்சாத கெட்டிப் பிளாஸ்டிக் பட்டை, பசை போட்டு இடுக்கில்லாமல் ஒட்டியது. எஞ்சினுக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர். தடை முடிந்து படகு கடலுக்குப் போனது.

அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கட்டியிருந்த படகின் எஞ்சின் அறையில் கடல்தண்ணீர் ஏறிவிட்டது. செல்போன் டவர்கள் உயிர்பெற்றதும் மாமா கூப்பிட்டார். வீடு, ஆள்கள் விவரமெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் டேங்குக்கு வந்தார். "மூடியக் கழட்டிக் கைய விட்டுப் பாத்துட்டேன் மாப்ள. ஒரு மொடா தண்ணி கீழ நின்னுச்சு, பம்பு வச்சு இழுத்துட்டேன். அடியில கை விட்டுத் தொடச்சு, நல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். பெயிண்டு போன எடத்துல பிரஷ் போட்டாச்சு." வெல்டர் யாரும் வர வேண்டியிருக்கவில்லை, என்னையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பீன்யாவில் நாங்கள் செய்ய நினைத்தது அதைத்தான்.

பீன்யாவில் சுண்ணாம்புப் பூச்சும் இரண்டு மீட்டர் ஹோஸும் தினசரி நடக்கிற காரியம். மருந்துக் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு ஒட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்பதால் அப்படிச் செய்கிறோம். மீனவர் டேங்குக்கு அப்படி ஒரு இன்ஸ்பெக்டர் கிடையாது. ஆனால் மருந்துத் தொட்டி ஒழுகினால் ஒரு பேட்ச் வீணாகும். படகின் டேங்க் ஒழுகினால் கரையிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி ஆறேழு பேர் எஞ்சின் இல்லாமல் நிற்பார்கள். கவனம் எதற்குக் கூடுதலாக வேண்டும்?

படகு வைத்திருக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். தடைக்காலத்தில் எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் ஒதுக்குகிற நாள்களில் ஒரு நாளை டேங்குக்கு ஒதுக்குங்கள். மேலே எவ்வளவு பளபளப்பு என்று பார்க்காதீர்கள். அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, அடியில் கை போகிறதா, உள்ளே கை போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் ஒழுக ஆரம்பிக்கும்வரை காத்திருக்காமல் அந்தத் தடைக்காலத்திலேயே மாற்றுங்கள். செய்து கொடுக்கிற பட்டறைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மூடி வைத்துச் செய்யுங்கள். ஒரு மூடிக்கு ஆகிற கூடுதல் செலவு சொற்பம். அதை மிச்சம் பிடிப்பதற்காகத் திறக்கவே முடியாத டேங்கை ஒருவர் தலையில் கட்டாதீர்கள்.